ஒரு கிண்ணம் சூப்பின் விலை என்ன?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பூரில் ஒரு வீவக குடியிருப்பின் கீழ்த்தளத்தில் புதிதாக ஒரு கடை திறக்கிறார்கள். அப்பா அடுப்படியில் நிற்கிறார். அம்மா காசு வாங்குகிறார். மகன் மேசை துடைக்கிறான். கல்லூரி முடிந்து வரும் மகள் கிண்ணங்களை அடுக்குகிறாள். கடைப் பலகையில் இரண்டே செய்திகள்: குடும்பத்தார் நடத்தும் கடை, வீட்டில் செய்வது போன்ற சூப்.

அப்படி ஒரு கடைக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறார்கள். பிறகு விலைப்பட்டியலைப் பார்க்கிறார்கள். அடுத்து வருவது ஒரு கேள்வி: “ஒரு கிண்ணம் சூப்புக்கு ஏழு வெள்ளியா?”

இந்த உரை அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

குடிவந்தவர்களின் கடை

இப்படிப்பட்ட கடைகளுக்கு ‘டெலி’ என்று பெயர் வைக்கும் பழக்கம் இப்போது இங்கும் வந்திருக்கிறது. அந்தச் சொல்லின் கதை சுவையானது. ‘டெலிகடெசன்’ என்பது ஜெர்மானியர்களின் சொல். நல்ல உணவுப் பண்டங்கள் என்பது அதன் பொருள். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜெர்மானியர்கள் அந்தச் சொல்லையும் உடன் கொண்டுபோனார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்கள் பின்னர் அதைத் தங்கள் சொந்தக் கடைகளாக ஆக்கிக்கொண்டன. நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் உள்ள புகழ்பெற்ற காட்ஸ் டெலிகடெசன் 1888-இல் தொடங்கியதாகத் தன் வரலாற்றைக் கூறுகிறது.

அந்தக் கடைகள் எதை விற்றன? வீட்டில் பாட்டி செய்ததைத்தான் விற்றன. கோழிச் சாற்றில் மாட்சோ மாவு உருண்டைகள் மிதக்கும் சூப் அவற்றின் அடையாளம். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்தக் கிண்ணம்தான் ஊர்.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நியூயார்க் நகரில் நூற்றுக்கணக்கில் இருந்த யூத டெலிகள் இன்று விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்டன. சுவை குறைந்ததா? இல்லை. வாடகை ஏறியது. இறைச்சி விலை ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். பெற்றோர் விரும்பியதும் அதைத்தான். அதைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனாலும் கடை மூடியதும் அந்தச் சுவையும் அதோடு போய்விட்டது.

இந்த இரண்டாம் பாதியை மனத்தில் வைத்துக்கொண்டு நம் பக்கத்துக்கு வருவோம்.

நமக்கும் ஒரு சூப் உண்டு

சூப் என்றால் மேல்நாட்டுப் பண்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆங்கிலேயர்களின் சமையல் புத்தகங்களில் ‘முல்லிகட்டானி’ என்று ஒரு சூப் இருக்கிறது. அது வேறொன்றும் அல்ல, நம் மிளகுத்தண்ணீர்தான். சென்னைப் பக்கம் வேலை பார்த்த ஆங்கிலேயர்கள் அதில் இறைச்சியைச் சேர்த்தார்கள். பெயரையும் நாக்கைச் சுழற்றித் தங்கள் மொழிக்கு எடுத்துக்கொண்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேயே அந்தச் சொல் ஆங்கிலத்தில் பதிவாகிவிட்டது.

சிங்கப்பூரில் நமக்கு இன்னும் நெருக்கமானது ‘சூப் கம்பிங்’. இந்திய முஸ்லிம் குடும்பங்கள் இந்த நாட்டுக்குக் கொடுத்த ஆட்டுக்கறி சூப் அது. பெயர் மலாய். மசாலாவோ நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி: சோம்பு, சீரகம், மல்லி, மிளகு, பட்டை, ஏலக்காய், இஞ்சி, பூண்டு. மேலே தூவுவது பொரித்த சின்ன வெங்காயமும் கீரையும். தொட்டுச் சாப்பிடுவது பிரெஞ்சு ரொட்டி. ஒரே கிண்ணத்தில் இத்தனை நாடுகள் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஆடம் ரோடு உணவங்காடி நிலையத்தில் மதிய நேரத்தில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் போதும். அதில் எல்லா இனத்தவரும் இருப்பார்கள்.

இதன் உறவினர் ‘சூப் துலாங்’. கோல்டன் மைல் உணவங்காடி நிலையத்தின் பெயரைச் சொன்னாலே பலருக்கு அந்தச் செக்கச்சிவந்த எலும்புகள்தான் நினைவுக்கு வரும். எலும்பைத் தட்டி, உள்ளே இருக்கும் மச்சையை உறிஞ்சு குழலால் இழுத்துச் சாப்பிடும்போது கையும் வாயும் சிவந்துவிடும். அலுவலகச் சட்டையோடு போகிறவர்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது!

சீனக் குடும்பங்களில் மணிக்கணக்காகக் கொதிக்கும் சூப், மலாய்க் குடும்பங்களின் சோத்தோ, நம் வீட்டு ரசம் என எதை எடுத்தாலும் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு முதலில் கொடுப்பது அதைத்தான். ஆறுதல் உணவு என்று இப்போது புதுப்பெயர் வைக்கிறார்கள். பாட்டிமார்களுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

அறிவியல் சொல்வது

இது வெறும் நம்பிக்கைதானா? 1978-இல் ‘செஸ்ட்’ என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, சூடான கோழி சூப் மூக்குச் சளியை வெந்நீரைவிட நன்றாக நகர்த்துகிறது என்று காட்டியது. 2000-இல் அதே இதழில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவர் ஸ்டீபன் ரெனார்டும் அவருடைய குழுவினரும் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். சளி பிடிக்கும்போது அழற்சியை உண்டாக்கும் ஒருவகை வெள்ளை அணுக்களின் நகர்வைக் கோழி சூப் குறைக்கிறது என்று ஆய்வகச் சோதனையில் கண்டார்கள். அது ஆய்வகக் குழாயில் நடந்த சோதனை. நோயாளிகளிடம் செய்து பார்த்தது அல்ல. ஆகவே சூப் குடித்தால் நோய் தீரும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சூப் எது தெரியுமா? மருத்துவருடைய மனைவியின் பாட்டி வழி வந்த வீட்டுச் செய்முறைதான். ஆய்வகத்துக்குள்ளும் ஒரு குடும்பத்தின் கைப்பக்குவம் நுழைந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சூப்பின் கடைசிச் சொட்டுவரை குடித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

பானைக்குள் நடப்பது

இப்போது அந்த ஏழு வெள்ளிக் கேள்விக்கு வருவோம். நல்ல எலும்பு சூப்பில் செலவாகும் முதன்மைப் பொருள் நேரம்.

எலும்பிலும் சவ்விலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. நீண்ட நேரம் மெல்லிய தீயில் இருந்தால்தான் அது கரைந்து ஜெலட்டின் ஆகும். உதட்டில் ஒட்டும் அந்தக் கெட்டித்தன்மை அதிலிருந்துதான் வருகிறது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டிக் கொதிக்கவிட்டால் கொழுப்பு தண்ணீரோடு கலந்து சூப் கலங்கிவிடும். முதலில் பொங்கிவரும் நுரையை ஒருவர் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மசாலாவை முதலிலேயே போட்டால் மணம் ஆவியாகிப் போய்விடும், கடைசியில் போட்டால் இறைச்சியில் இறங்காது.

பதினொரு மணிக்குக் கடை திறக்க வேண்டுமானால், அடுப்பை விடியற்காலையிலேயே பற்றவைத்தாக வேண்டும். வாடிக்கையாளர் ஒரு கிண்ணத்தைக் கால் மணி நேரத்தில் குடித்துவிட்டுப் போகிறார். அந்தக் கால் மணி நேரத்துக்காக ஒரு குடும்பம் இருட்டில் எழுந்திருக்கிறது.

கணக்குப் பார்ப்போம்

ஓர் உதாரணக் கணக்கு. எந்தக் கடையின் கணக்கும் அல்ல. புரிந்துகொள்வதற்காகப் போட்ட எண்கள்.

ஒரு நாளில் நூறு கிண்ணம் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு வெள்ளி வீதம் 700 வெள்ளி. இறைச்சி, மசாலா, ரொட்டி, எரிவாயு, மின்சாரம், தண்ணீர், வாடகை, துப்புரவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 500 வெள்ளி போகிறது. மிச்சம் 200. கணவனும் மனைவியும் ஆளுக்குப் பதினான்கு மணி நேரம் உழைத்திருக்கிறார்கள். மொத்தம் 28 மணி நேரம். 200-ஐ 28-ஆல் வகுத்தால் மணிக்கு ஏழு வெள்ளி சொச்சம்.

அதாவது, ஒரு மணி நேர உழைப்புக்கு அவர்களுக்குக் கிடைப்பது அவர்களே விற்கும் ஒரு கிண்ணம் சூப்பின் விலை! மகன் மேசை துடைத்ததும் மகள் கிண்ணம் அடுக்கியதும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. மழை பெய்து ஐம்பது கிண்ணம் மட்டும் விற்ற நாளில் என்ன ஆகும்? வாடகை பாதியாகக் குறையாது. அன்றைக்கு அந்தத் தம்பதியின் உழைப்புக்குக் கூலி எதுவும் மிஞ்சாமலே போகலாம்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. பொருள் சேவை வரி 2023-இல் 8 விழுக்காடாகவும் 2024-இல் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளிக்குக் குறைவாக உள்ள சிறிய கடைகள் அந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்யாத கடை வாடிக்கையாளரிடம் அந்த வரியை வசூலிக்கவும் முடியாது. ஆனால் வரிக்குப் பதிவு செய்த விநியோகிப்பாளரிடம் பொருள் வாங்கும்போது வரியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதைத் திரும்பப் பெறவும் வழியில்லை. பெரிய நிறுவனத்தையும் நான்கு பேர் கொண்ட குடும்பக் கடையையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியா என்பதை நேயர்களே முடிவு செய்யலாம்.

வாடிக்கையாளரின் கஷ்டமும் உண்மைதான். சம்பளத்தை எண்ணிச் செலவு செய்யும் குடும்பம் நான்கு கிண்ணத்துக்கு 28 வெள்ளி கொடுக்க யோசிக்கத்தான் செய்யும். யோசிப்பதில் தவறில்லை. அந்தக் குடும்பம் மாதம் ஒருமுறை வந்தாலும் போதும். ‘இதற்கெல்லாம் இவ்வளவா’ என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லும் சொல்தான் வலிக்கிறது. குளிரூட்டப்பட்ட பேரங்காடியில் பொட்டலத் தூளைக் கரைத்த சூப்புக்கு இதைவிட அதிகம் கொடுக்கும்போது யாரும் பேரம் பேசுவதில்லை.

அடுத்து யார்?

சிங்கப்பூரில் 1968-இல் நடைபாதை வியாபாரிகளைப் பதிவு செய்யும் பணி தொடங்கியது. 1971 முதல் 1986 வரை அவர்கள் படிப்படியாக உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். 2020 டிசம்பர் 16-ஆம் தேதி சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. நாடே பெருமைப்பட்டது.

ஆனால் அந்தப் பெருமை கிடைத்த காலத்திலேயே அங்காடிக்காரர்களின் சராசரி வயது அறுபதை எட்டிக்கொண்டிருந்தது. தேசியச் சுற்றுப்புற வாரியம் 2022-இல், ஓய்வுபெற நினைக்கும் மூத்த அங்காடிக்காரர்கள் தங்கள் தொழிலையும் செய்முறையையும் புதியவர்களிடம் ஒப்படைப்பதற்கு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சொந்தப் பிள்ளை வரவில்லை என்றால், கற்றுக்கொள்ள விரும்பும் வேறொருவருக்குக் கைமாற்றலாம். நல்ல திட்டம். ஆனாலும், இப்படி ஒரு திட்டம் தேவைப்பட்டது என்பதையே கொஞ்சம் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கில் நடந்தது இங்கும் நடக்குமா? அது அரசாங்கத்தின் கையில் மட்டும் இல்லை. கடையில் கிண்ணம் அடுக்கும் அந்த மகள் தன் பெற்றோரின் உழைப்புக்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பொறுத்துத்தான் நாளைக்கு அவள் கரண்டியைக் கையில் எடுப்பதும் எடுக்காததும்.

கடை திறக்கும் குடும்பங்களுக்கு

புதிதாகக் கடை திறக்க நினைக்கும் குடும்பங்களுக்கும் சில செய்திகள் உண்டு.

முதலாவது, செய்முறையை எழுதி வையுங்கள். ‘ஒரு கைப்பிடி’, ‘கண்ணளவு’ என்பது அம்மாவின் கைக்குச் சரி. அம்மாவுக்கு உடம்பு முடியாத நாளில் யார் சமைப்பது? தராசில் நிறுத்து, கிராம் கணக்கில் எழுதி வைத்தால் சுவை மாறாது. பிள்ளைகளுக்கு அதுவே சொத்து.

இரண்டாவது, வீட்டு ஆளுக்கும் சம்பளம் எழுதுங்கள். நம் குடும்பங்களில் இதைச் சொன்னால் மனத்தாங்கல் வரும். “பெற்ற பிள்ளைக்குக் கூலியா?” என்பார்கள். சம்பளமே எழுதாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மத்திய சேமநிதியில் ஒரு காசு சேராது. கடை உண்மையில் லாபத்தில் ஓடுகிறதா, பிள்ளையின் இலவச உழைப்பில் ஓடுகிறதா என்பதும் தெரியாது. பல கடைகள் லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்பது மனைவிக்குக் கொடுக்காத சம்பளத்தைத்தான்.

மூன்றாவது, பட்டியலைச் சுருக்குங்கள். திறந்த முதல் வாரத்திலேயே முப்பது வகை போட்டுப் பொருளை வீணாக்குவதைவிட, மூன்று வகையை நன்றாகச் செய்து பெயர் வாங்குவது மேல்.

நான்காவது, மிச்ச சூப்பில் கவனம் வேண்டும். பெரிய பானையை அப்படியே மூடி இரவு முழுவதும் அடுப்பில் விடுவது பல வீடுகளில் உள்ள பழக்கம். கடையில் அது ஆபத்து. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பெரிய பானையின் நடுப்பகுதி அந்தச் சூட்டில் பல மணி நேரம் நிற்கும். கொதிக்க வைத்தாலும் சாகாத விதைகளை உடைய கிருமிகள் உண்டு. சூப் மெல்ல ஆறும்போது அவை மறுபடியும் பெருகும். ஆகவே, தட்டையான சிறு பாத்திரங்களில் பிரித்து ஊற்றி விரைவாக ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மறுபடி எடுக்கும்போது உள்ளே 75 டிகிரியைத் தொடும்வரை சூடாக்க வேண்டும். விற்கும் நேரம் முழுவதும் 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். ஒரு வெப்பமானியின் விலை சில வெள்ளிகள்தான். ஒரே ஒரு வயிற்றுப்போக்குச் செய்தி பத்தாண்டு நற்பெயரைக் கெடுத்துவிடும்.

உடனே வாடகைக்குக் கடை எடுக்கத் துணிவில்லாதவர்கள், வீட்டிலிருந்து சிறிய அளவில் தொடங்குவதற்கும் சிங்கப்பூரில் வழி இருக்கிறது. வீவக வீடுகளில் சிறிய அளவில் சமைத்து விற்கலாம். அந்த வீட்டில் வசிப்பவர்கள் மட்டுமே வேலை செய்ய வேண்டும். வாசலில் விளம்பரப் பலகை கூடாது. பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவும் கூடாது. முதலில் இருபது கிண்ணம் விற்றுப் பார்த்து, பிறகு கடை எடுப்பதே விவேகம்.

வாடிக்கையாளர்களுக்கு

கடைசியாக, சாப்பிடப் போகும் நேயர்களுக்கு.

புதிய கடைக்குத் திறந்த முதல் சனிக்கிழமை கூட்டத்தில் போய் நிற்காதீர்கள். செவ்வாய், புதன் என்று கூட்டமில்லாத நாளில் போங்கள். கடைக்கு உங்கள் வருகை மிகவும் தேவைப்படும் நாள் அதுதான். சூப்பும் நிதானமாகக் கிடைக்கும்.

ஒருமுறை போய்விட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். புதுக் கடையில் முதல் மாதம் உப்பு ஏறும், இறங்கும். குறை இருந்தால், “அண்ணே, இன்றைக்குக் கொஞ்சம் காரம் கூடிவிட்டது” என்று அவர் காதில் சொல்லுங்கள். அதை வீட்டுக்குப் போய் ஊருக்கெல்லாம் எழுத வேண்டியதில்லை. முகத்துக்கு நேரே சொன்னால் கடை திருந்தும். முதுகுக்குப் பின்னால் சொன்னால் கடை மூடும். நன்றாக இருந்தால் மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லுங்கள்.

அரசாங்கம் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டுகளைத் திட்டத்தில் பங்குபெறும் அங்காடிகளிலும் அக்கம்பக்கக் கடைகளிலும் பயன்படுத்தலாம். அவற்றில் ஒரு பகுதியை இப்படிப்பட்ட கடைகளுக்கு ஒதுக்கலாமே! சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பி வையுங்கள். 2021 முதல் உணவங்காடி நிலையங்களில் அது சட்டம். குடும்பக் கடையில் அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் உதவியும்கூட.

திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. விருந்தினரை எப்படி உபசரிக்க வேண்டும் என்று அது வீட்டுக்காரருக்குச் சொல்கிறது. காசு கொடுத்துச் சாப்பிடும் இடத்திலும் விருந்து என்ற உணர்வை ஒரு குடும்பம் கொடுக்கும்போது, விருந்தினருக்கும் ஒரு கடமை வந்துவிடுகிறது.

ஏழு வெள்ளியில் இறைச்சி இருக்கிறது, வாடகை இருக்கிறது, விடியற்காலைத் தூக்கம் இருக்கிறது, ஒரு பாட்டியின் கைப்பக்குவம் இருக்கிறது. அடுத்த முறை விலைப்பட்டியலைப் பார்க்கும்போது இவற்றையும் சேர்த்துப் பாருங்கள். கட்டுப்படியாகும் நாளில் உட்கார்ந்து நிதானமாகக் குடியுங்கள். எழுந்து போகும்போது, “நன்றாக இருந்ததம்மா” என்று அந்தப் பெண்பிள்ளையின் காதில் விழும்படி அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.